குரலுக்குக் கூலி

நாகர்கோவிலிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் இருந்து சில பிள்ளைகள் என்னைப் பார்க்க வருகிறார்கள். கைப்பேசியிலோ ஒரு சின்ன மைக்கிலோ பேசிப் பதிவு செய்து பாட்காஸ்ட் என்று வெளியிடுகிறவர்கள். ஒருவன் பத்மநாபபுரம் அரண்மனைக் கதைகள் சொல்கிறான். ஒருத்தி கடற்கரைச் சமையலைப் பற்றிப் பேசுகிறாள். இன்னொருவன் தோவாளைப் பூச்சந்தைக்கு விடியுமுன் போய் வியாபாரிகளின் பேச்சைப் பதிந்துகொண்டு வருகிறான். நாலைந்து மாதம் ஆனதும் எல்லோரிடமிருந்தும் வருவது ஒரே கேள்விதான்: "பாட்டா, இதுல துட்டு வருமா?" கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறார்கள்.

குனிய வேண்டாம் மக்களே. குரலைக் கொண்டு அரிசி வாங்குவது இந்த மண்ணில் பழைய தொழில். ஒழுகினசேரியில் 1908-ல் பிறந்த என்.எஸ்.கிருஷ்ணன் சினிமாவில் முகம் காட்டுவதற்கு வெகுகாலம் முன்பே வில்லுப்பாட்டுப் பாடியவர். பிறகுதான் நாடகக் கம்பெனி, பிறகுதான் படம். கலைவாணர் ஆன பின்னும் வில்லை அவர் கீழே வைத்துவிடவில்லை. அவர் சென்னைக்கு அழைத்துக்கொண்ட சுப்பு ஆறுமுகம், கொடை எனும் கோயில் திருவிழாவில் இருந்த அந்தக் கலையைச் சபா மேடைக்கும் வானொலிக்கும் கொண்டுபோய், 2021-ல் பத்மஸ்ரீ வாங்கி, மறு ஆண்டு மறைந்தார். கதை சொல்லிச் சம்பாதிப்பது எப்படி என்று நீங்கள் அமெரிக்காக்காரர்களின் காணொளிகளைப் பார்த்துக் கற்கிறீர்கள். கற்றுக்கொள்ளுங்கள், அதில் தவறில்லை. ஆனால் உங்கள் ஊர் அம்மன் கோயில் முற்றத்தில் அந்தக் கணக்கு முழுவதும் பல தலைமுறையாகப் போட்டுப் பார்க்கப்பட்டிருக்கிறது. அதை முதலில் சொல்கிறேன்.

பங்குனி, சித்திரையில் கொடை வந்தால் ஊர்ப் பெரியவர்கள் வெற்றிலை பாக்குடன், வில்லுப்பாட்டைத் தலைமையேற்றுப் பாடும் அண்ணாவியின் வீட்டுக்குப் போவார்கள். தொகை பேசி அச்சாரம் கொடுப்பார்கள். அந்தத் தொகை ஒரு தனி மனிதரின் மடியிலிருந்து வந்ததில்லை. தலைக்கட்டு வரி என்று வீட்டுக்கு இவ்வளவு எனப் பிரித்ததில் வந்தது. வசதியான வீடும் வரி கொடுத்தது, கூலிக்குப் போகிற வீடும் கொடுத்தது. கதை கேட்க உட்காராமல் திண்ணையில் தூங்கிப் போனவரும் கொடுத்தார். இது நம்முடைய கொடை, நம்முடைய பாட்டு, இது நின்றுபோகக் கூடாது என்ற எண்ணம்தான் அந்த வரிக்குப் பின்னால் இருந்தது. இன்றைக்கு மாதச் சந்தா, மெம்பர்ஷிப் என்கிறீர்களே, அதன் உயிர் இதுதான். சந்தா கட்டுகிறவர் ஒரு மணி நேரப் பேச்சுக்கு விலை கொடுப்பதாக நினைப்பதில்லை. இந்தக் குரல் அடுத்த மாதமும் இருக்க வேண்டும் என்று நினைத்துக் கொடுக்கிறார்.

இரண்டாவது வரவு நடுச்சாமத்தில் வரும். கதை சூடேறிய நேரத்தில் கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து வந்து, ஒரு ரூபாய்த் தாளை அண்ணாவியின் சட்டையில் குத்திவிட்டுப் போவார். வில்லைத் தட்டும் வீசுகோல் ஒரு கணம் நிற்கும். இன்ன ஊர் இன்னார் இவ்வளவு அன்பளிப்பு என்று ஒலிபெருக்கியில் பெயர் முழங்கும். உடனே குடம் தட்டப்படும், கதை தொடரும். யூட்யூப் நேரலையில் சூப்பர் சாட் என்று பணம் கட்டியவரின் பெயர் வண்ணக் கட்டத்தில் எழும்பும்போது எனக்கு இந்த நினைவுதான் வருகிறது. ஒரு வேறுபாடு உண்டு. யூட்யூப் நூறு ரூபாயில் முப்பதைத் தன் பங்காக எடுத்துக்கொண்டு எழுபதைத் தருகிறது. கொடையில் அந்தப் பணம் குடம், உடுக்கு, தாளம், கட்டை என்று உடன் வாசித்தவர்களுக்குள்தான் பிரிந்தது.

நான் பார்த்த நல்ல அண்ணாவிகள் அன்பளிப்பை வாங்கிக்கொண்டார்கள், ஆனால் அதை நம்பிப் பாடவில்லை. நம்பிப் பாடிய ஒருவரையும் நினைவிருக்கிறது. தாள் கொடுத்தவரின் தாத்தா காலத்துப் பெருமை வரை பாடிப் பாடியே இரவைக் கழித்துவிட்டார். விடியும்போது கதையில் பாதிதான் முடிந்திருந்தது. சாமிக்குரிய கதை முடியவில்லை என்று ஊர்ப் பெண்கள் முணுமுணுத்தார்கள். அடுத்த கொடைக்கு வெற்றிலை பாக்கு வேறு வீட்டுக்குப் போயிற்று. நேரலையில் பெயர் வாசிப்பதற்கே பாதி நேரத்தைச் செலவிடும் பிள்ளைகள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். கொடுத்தவர் ஒருவர், கேட்க வந்தவர் நூறு பேர்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கொடைக் காலம் போக மீதி மாதங்களில் அந்தக் கலைஞர்களில் பெரும்பாலோர் வேறு சோலி பார்த்தவர்கள். வயல் வேலை, தையல், சிறுகடை, வாத்தியார் வேலை. இரவெல்லாம் ஊரை அழவைத்தவர், மறுவாரம் வரப்பு வெட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். அதில் அவருக்கும் குறைவில்லை, வில்லுக்கும் குறைவில்லை. வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் பாட்காஸ்ட் நடத்தப் போகிறேன் என்று ஒருவன் வந்து சொன்னால், அவனை நான் உட்கார வைத்துச் சொல்வது இதைத்தான். சம்பளம் வருகிற கை வீட்டைத் தாங்கட்டும். குரல் தன்னைத் தானே தாங்கும் நாள் வரும்போது அது உனக்கே தெரியும்.

வியாபாரியின் பணம் மூன்றாவது. என் தலைமுறை அதை இலங்கை வானொலியில் அறிந்தது. குமரிக் கரையில் சிலோன் தெளிவாகக் கேட்டது. கே.எஸ்.ராஜாவின் வேகமும் பி.எச்.அப்துல் ஹமீதின் நிதானமும் இங்கே டீக்கடைகளில் பழகிய குரல்கள். பாட்டுக்கு நடுவே பற்பசையும் சவர்க்காரமும் விற்றார்கள். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை, விளம்பர வரிகளையும் சேர்த்தே மனப்பாடம் செய்தோம்.

அதே நிலையத்தின் இந்தி ஒலிபரப்பில் 1952-ல் பினாக்கா கீத்மாலா தொடங்கியது. பினாக்கா என்பது பற்பசை. பணம் போட்டது அதைச் செய்த கம்பெனி. பேசியவர் அமீன் சயானி. எழுதுவது, பேசுவது, தயாரிப்பது, குவியும் கடிதங்களைப் பார்ப்பது எல்லாவற்றுக்கும் சேர்த்து அவருக்குத் தொடக்கத்தில் கொடுக்கப்பட்டது வாரம் 25 ரூபாய். அந்தச் சம்பளத்துக்குப் பெரிய ஆட்கள் வரமாட்டார்கள் என்பதால்தான் அந்த வேலை இளைஞரான அவரிடம் வந்தது. அதை அவர் ஏற்றார். கடிதங்கள் ஆயிரக்கணக்கில் வந்தன. நிகழ்ச்சி பல பத்தாண்டுகள் ஓடியது. 2024-ல் அவர் மறைந்தபோது நாடே அந்தக் குரலைப் பேசியது. ஆரம்பக் கூலி குறைவு என்பதற்காக அவர் வேலையைக் குறைத்துச் செய்ததாக எவரும் சொல்லவில்லை.

நம் அரசு வானொலி விளம்பரத்துக்குக் கதவு திறந்தது 1967-ல்தான், அதுவும் விவித பாரதியில். அதுவரை சிலோன் காட்டில் மழை. நாகர்கோவில் வானொலி 1984-ல் வந்தது; நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் என்ற பெயர் அதற்கு உண்டு. அங்கே பேசப் போனவர்களுக்கும் பாடப் போனவர்களுக்கும் குரல் தேர்வு இருந்தது. கலைஞர்களுக்கு பி, பி-ஹை, ஏ, டாப் என்று தரம் பிரித்துத் தரத்துக்கு ஏற்ற கட்டணம். பெரிய தொகை இல்லை. ஆனால் கோணத்து நிலையத்தில் பேசிவிட்டு வந்தவருக்கு வடசேரியிலும் கோட்டாறிலும் கிடைத்த மரியாதை, அவருக்கு வேறு பத்து மேடைகளைத் திறந்துவிட்டது. பள்ளி ஆண்டுவிழாவுக்குத் தலைமை தாங்க அழைத்தார்கள், பட்டிமன்றத்துக்கு அழைத்தார்கள், கல்யாண வரவேற்பைத் தொகுத்து வழங்க அழைத்தார்கள். குரல் ஓரிடத்தில் ஒலித்தது, கூலி வேறோரிடத்தில் கிடைத்தது. இந்த உண்மையைப் பிடித்துக்கொண்டால் பாட்காஸ்டின் வரவு செலவில் பாதி புரிந்துவிடும்.

இனி இன்றைய கணக்கைப் பார்ப்போம். பொறுமையாகக் கேளுங்கள்.

வெளிநாட்டில் பாட்காஸ்ட் விளம்பரத்துக்கு ஆயிரம் கேட்புக்கு இவ்வளவு என்று விலை பேசுகிறார்கள். அமெரிக்காவில் அது இருபது டாலர் அளவில் ஓடுகிறது. உங்கள் நிகழ்ச்சியை முந்நூறு பேர் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நம் ஊருக்கு முந்நூறு பேர் சின்னக் கூட்டம் இல்லை. ஒரு கோயில் முற்றம் நிறைந்துவிடும். ஆனால் அமெரிக்க விலையிலேயே அவர்களுக்கு ஆறு டாலர்தான் வரும். தமிழ் நிகழ்ச்சிக்கு அதுவும் வராது. யூட்யூபில் காணொளியாகப் போட்டால் விளம்பர வருவாயில் 55 விழுக்காடு உங்களுக்கு. அதைத் தொடவே ஆயிரம் சந்தாதாரர்களும் ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். 500 சந்தாதாரர், 3,000 மணி நேரம் என்ற கீழ்ப்படியில் சூப்பர் சாட், மெம்பர்ஷிப் போன்றவை மட்டும் திறக்கும். வருவாய் 10 டாலரைத் தொட்டதும் ரகசிய எண் ஒன்று வீட்டு முகவரிக்குத் தபாலில் வரும். 100 டாலர் சேராமல் வங்கிக்குப் பணம் வராது. பல பிள்ளைகள் அந்தத் தபாலுக்கும் அந்த நூறு டாலருக்கும் நடுவில்தான் மனம் விட்டுவிடுகிறார்கள். குலசேகரம் பக்கம் ரப்பர் வைத்தவரைக் கேட்டுப் பாருங்கள். ஏழு வருடம் காத்திருந்த பிறகுதான் மரத்தில் கத்தி வைக்கிறார்.

அந்த முந்நூறு பேரில் பத்துப் பேர் மாதம் நூறு ரூபாய் கொடுத்தால் ஆயிரம் ரூபாய் ஆயிற்று. விளம்பரம் தரக்கூடிய எதையும்விட அது கூடுதல். ஆகவே சிறிய நிகழ்ச்சிக்கு முதல் வருவாய் கேட்பவரிடமிருந்துதான் வரும். வியாபாரி பிறகுதான் வருவார். பேட்ரியான் என்ற தளம் 2013-ல் இதற்காகவே தோன்றியது. நமக்கு அதுகூட வேண்டியதில்லை. யூபிஐ எண்ணை நிகழ்ச்சிக் குறிப்பில் போட்டுவிட்டால் போதும். சாமியார்மடத்தில் இருப்பவரும் சார்ஜாவில் இருப்பவரின் தம்பியும் இருபது ரூபாய் அனுப்பிவிடுவார்கள். உலகப் புகழ் பெற்ற 'சீரியல்' பாட்காஸ்ட் 2014-ல் லட்சக்கணக்கானோரை உலுக்கிக்கொண்டிருந்தது. விளம்பரதாரரும் கையில் இருந்தார். ஆனாலும் இரண்டாம் பருவத்துக்குப் பணம் வேண்டும் என்று கேட்பவர்களிடமே கை நீட்டினார்கள். ஒரு வார அளவில் சேர்ந்துவிட்டது. அவர்களே கேட்டார்கள் என்றால், தெங்கம்புதூர் பையன் கேட்பதில் என்ன குறைவு?

கேட்கும் முறை ஒன்று உண்டு. எதற்கு வேண்டும் என்பதைத் தொகையோடு சொல்ல வேண்டும். 'ஆதரவு தாருங்கள்' என்றால் யாரும் பையைத் திறப்பதில்லை. 'முட்டம் கடற்கரையில் வயதான ஐந்து மீனவர்களிடம் பேசிப் பதிய வேண்டும். பயணமும் ஒலித்தொகுப்பும் சேர்த்து இவ்வளவு ஆகும்' என்றால் திறப்பார்கள். பணம் வந்த பின் செலவைச் சொல்ல வேண்டும். கொடை முடிந்ததும் ஊர்க்கூட்டத்தில் வரவு செலவு வாசிப்பார்கள். வாசிக்காத வருடம் சண்டை வந்தது.

குரல் ஓரிடம், கூலி வேறிடம் என்றேன் அல்லவா? இந்தியாவில் அதற்கு எனக்குத் தெரிந்த நல்ல எடுத்துக்காட்டு அமித் வர்மா. 'தி சீன் அண்ட் தி அன்சீன்' என்று 2017-லிருந்து ஆங்கிலத்தில் நடத்துகிறார். ஒரு பேட்டி ஐந்து மணி நேரம், ஏழு மணி நேரம்கூடப் போகும். இவ்வளவு நீளமா என்று எல்லோரும் சிரிக்கத்தான் செய்வார்கள். ஆனால் அத்தனை மணி நேரம் ஒருவரோடு இருந்த கேட்பவர் அவரை நம்பத் தொடங்கிவிடுகிறார். 2020-ல் அவர் தெளிவாக எழுதுவது எப்படி என்று கட்டணப் பயிற்சி தொடங்கினார். அதில் சேர வந்தவர்களில் நிகழ்ச்சியைக் கேட்டுப் பழகியவர்கள் நிறைய. உங்களில் சமையல் பேசுகிற பெண் நாளைக்கு மீன் ஊறுகாய் போட்டு விற்கலாம். அரண்மனைக் கதை சொல்கிற பையன் ஞாயிற்றுக்கிழமை பதினைந்து பேரைப் பத்மநாபபுரத்துக்கும் சிதறாலுக்கும் கூட்டிப் போய் நாள் கட்டணம் வாங்கலாம். அந்தப் பதினைந்து பேரும் அவன் குரலைக் கேட்டு வந்தவர்களாக இருப்பார்கள்.

உள்ளூர் வியாபாரியைப் பற்றியும் ஒரு சொல். மீனாட்சிபுரத்து நகைக்கடையும் செட்டிகுளத்து ஜவுளிக்கடையும் ஆயிரம் கேட்புக்கு எத்தனை டாலர் என்று பேசாது. "நம்ம ஆளுங்க கேக்காங்களா?" என்றுதான் அந்த முதலாளி கேட்பார். உலகம் முழுக்கச் சிதறிய பத்தாயிரம் பேரைவிட, நாகர்கோவிலைச் சுற்றி உள்ள ஐந்நூறு பேர் அவருக்குப் பெரிது. வருடத்துக்கு ஒரு தொகை, ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் ஒரு வரி என்று நேராகப் பேசுங்கள். வாய்ப்பேச்சில் விடாமல் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இங்கே மனத்தாங்கல்கள் பெரும்பாலும் தொகையால் வருவதில்லை, எழுதி வைக்காததால் வருகின்றன.

முதலில் கதவைத் தட்டுகிறவர் நல்லவராக இருப்பதில்லை என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். கொஞ்சம் பெயர் வந்ததும் சூதாட்டச் செயலிக்காரர் வந்தார். தொகையைக் கேட்டுப் பிள்ளைகள் மயங்கினார்கள். பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுக்கும் அதன் விளம்பரத்துக்கும் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தடைச் சட்டம் கொண்டுவந்தது. சட்டம் வருமுன்னரே அந்தப் பணத்தை மறுத்த ஒரு பையனை எனக்குத் தெரியும். அவனுடைய அண்ணன் அந்த விளையாட்டில் பைக்கை இழந்திருந்தான். இரண்டு நிமிடம் பேசியிருந்தால் ஒரு வருடச் செலவு கழிந்திருக்கும். அவன் மறுத்ததை நான் பெருந்தன்மை என்று சொல்லமாட்டேன். கணக்குத் தெரிந்த செயல். காதோடு பேசுகிறவனை ஒருமுறை நம்பாமல் போனால் கேட்பவர் திரும்பி வரமாட்டார்.

காசு வாங்கிப் பேசினால் காசு வாங்கினேன் என்று சொல்லிவிட வேண்டும். இது என் உபதேசம் மட்டுமில்லை, விதியும்கூட. விளம்பரத் தரக் குழுவான ஏ.எஸ்.சி.ஐ. 2021-ல் இதற்கு நெறிமுறை வகுத்தது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்கலாம். பங்கு வாங்கு, இந்தத் திட்டத்தில் போடு என்று யோசனை சொல்ல, பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் பதிவு வேண்டும். இலவசமாக வரும் பொருளும் வருமானம்தான். 2022 ஜூலையிலிருந்து ஒருவரிடமிருந்து ஆண்டுக்கு 20,000 ரூபாய்க்கு மேல் போகும் பரிசுப் பொருளுக்குப் பத்து விழுக்காடு வரி பிடிக்கிறார்கள். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு. அந்த நாள் வரட்டும், சந்தோஷமாகவே கட்டுங்கள்.

இனி உரிமை. எனக்கு மனம் கனக்கிற இடம் இதுதான், ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

இளையராஜா பாட்டு ஒன்றை முகப்பில் போட்டுக்கொண்டு நிகழ்ச்சியைத் தொடங்காதீர்கள். வருவாய் முழுக்கப் பாட்டின் உரிமையாளருக்குப் போய்விடும். நிகழ்ச்சியே நீக்கப்படவும் கூடும். இந்தியாவில் எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டு வரை அவர் எழுத்துக்குப் பதிப்புரிமை உண்டு. சுந்தர ராமசாமி 2005-ல் மறைந்தார். அவர் கதையை வாசித்து வெளியிட 2065 முடியும்வரை அனுமதி வேண்டும். தேரூர்க் கவிமணியும் கல்கியும் 1954-ல் மறைந்தவர்கள். அவர்களுடைய எழுத்து இப்போது எல்லோருக்கும் பொது. பொன்னியின் செல்வனை எத்தனை பேர் குரலில் வாசித்துவிட்டார்கள் பாருங்கள். பாம்பே கண்ணன் பல நடிகர்களைச் சேர்த்து அதை ஒலிநூலாக்கிக் குறுந்தகடாக விற்றார். தீபிகா அருண் 'கதை ஓசை' பாட்காஸ்டில் அதே கதையைத் தனிக் குரலில் வாசித்தார். நம் ஊர்க்காரர் கவிமணியின் 'நாஞ்சில்நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' இருக்கிறது. அந்த நையாண்டியை நாஞ்சில் பேச்சு வாடை மாறாமல் படித்துக் காட்ட, பழைய மருமக்கள் வழிச் சொத்துச் சண்டைகளை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு இடையிடையே விளக்க, உங்களைவிடப் பொருத்தமானவர் யார்? இவ்வளவு நாளாக ஒருவரும் அதை முழுமையாக எடுத்துச் செய்யக் காணோமே என்பது என் ஆதங்கம்.

அடுத்தவர் உரிமையை மதிப்பது ஒரு பாதி. உங்கள் உரிமையை விடாமல் இருப்பது மறுபாதி. கேசட் காலத்தில் ஒரு வில்லிசைக் குழு பதிவுக்குப் போனது. கம்பெனியின் பெயர் வேண்டாம். ஓர் இரவு பாடினார்கள். ஒரு தொகையும் சாப்பாடும் பேருந்துக் காசும் கிடைத்தன. கேசட் அதன் பிறகு ஊர் ஊராக ஓடியது. பாட ஆள் கிடைக்காத கொடைகளில் அதையே போட்டுக் கேட்டார்கள். பாடியவருக்கு அந்த ஊர்களிலிருந்து அழைப்பும் வரவில்லை, கேசட் பணமும் வரவில்லை. அவருடைய குரலே அவருக்குப் போட்டியாகிவிட்டது. ஏமாற்றிவிட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டுத்தான் கொடுத்தார். போட்ட தாளில் என்ன இருந்தது என்று கேட்கவில்லை. இன்றைக்கும் ஒலிக்கதைச் செயலிகள் மொத்தத் தொகைக்குக் கதை வாங்குகின்றன. வாங்கட்டும், உங்களுக்குப் பணம் வேண்டுமானால் கொடுங்கள். எத்தனை ஆண்டுக்கு, எந்தெந்த இடத்தில், வேறு மொழிக்கும் சேர்த்தா, உங்கள் குரலை எந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்துப் பேசவைக்கலாமா என்ற நான்கையும் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். கடைசிக் கேள்வி என் தலைமுறைக்கு இல்லை, உங்களுக்கு இருக்கிறது.

பூங்கனி அம்மாளை உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அகஸ்தீஸ்வரம் பக்கத்துச் சரவணந்தேரியைச் சேர்ந்தவர். பெண்கள் வில்லுக்கு முன்னால் உட்காருவது அரிதாக இருந்த காலத்தில், சிறுமியாக இருக்கும்போதே பாட வந்தவர். குமரியிலும் நெல்லையிலும் கொடைகளில் அவர் பாடினால் கூட்டம் கலையாது. கணவர் குழுவில் குடம் வாசித்தவர். அவர் போன பிறகு பாட்டும் மெல்ல நின்றது. அம்மாள் முதுமையை வறுமையில் கழித்து 2018-ல் மறைந்தார். கடைசிக் காலத்தில் ஆர்வலர்கள் சிலர் தேடிப் போய்ப் பாடவைத்துப் பதிந்தார்கள், விருது கிடைத்தது. ஆனால் அவர் உச்சத்தில் பாடிய இரவுகள் காற்றோடு போயின. பாடின அன்று கூலி, பாடாத அன்று இல்லை என்பதுதான் அவர் தொழிலின் விதியாக இருந்தது. குற்றம் அவருடையதில்லை. பதிந்து வைக்கும் கருவியும், பதிந்ததைத் தானே விற்கும் வழியும் அவர் கைக்கு எட்டவில்லை. உங்கள் கைக்கு எட்டியிருக்கிறது. இன்று பேசியது பத்து வருடம் கழித்தும் ஒருவரைச் சென்றடையும், அப்போதும் இருபது ரூபாய் கொண்டுவரும். அதனால்தான் பழைய நிகழ்ச்சிகளை அழிக்காதீர்கள், ஒழுங்காகப் பெயரிட்டு வரிசைப்படுத்தி வையுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

கருவியைப் பற்றிக் கேட்பவர்களுக்கு அதிகம் சொல்ல எனக்கு இல்லை. கட்டில் மெத்தையும் துணி அலமாரியும் உள்ள அறையில், மின்விசிறியை அணைத்துவிட்டு, மைக்கை வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பேசுங்கள். கோயில் ஒலிபெருக்கி ஓடும் மார்கழி விடியலில் பதிவு வைக்காதீர்கள். வருவாய் வராத காலத்தில் வாங்கும் விலை உயர்ந்த மைக், கடனாகவே நிற்கும். நாள் தவறாமல் வருகிற சாதாரணக் குரலுக்கு முன்னால், எப்போதாவது வரும் அருமையான குரல் தோற்றுப் போவதை வானொலியிலும் பார்த்தேன், இப்போதும் பார்க்கிறேன். முதல் இரண்டு ஆண்டு வருவாயைக் கணக்கில் எழுதாமல் நடத்த முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். முடியும் என்றால் தொடங்கலாம்.

ஒரு வேண்டுகோள் மட்டும் மிச்சம். நம் மாவட்டத்தில் வில்லுப்பாட்டுக் கதை முழுவதையும் ஏடு பார்க்காமல் பாடக்கூடிய முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். கொடைகளில் பாட்டுக்கச்சேரி வந்த பிறகு அவர்களுக்கு அழைப்புக் குறைந்துவிட்டது. உங்கள் நிகழ்ச்சிக்கு அவர்களைத் தேடிப் போங்கள். போகும்போது ஒரு தாளை எழுதிக்கொண்டு போங்கள்: பாடும் நாளுக்கு இவ்வளவு கூலி, பிறகு வரும் வருவாயில் இத்தனை பங்கு, அவருக்குப் பின் அவர் வீட்டாருக்கு. அதை வாசித்துக் காட்டி, அவர் சம்மதித்த பிறகு மைக்கைத் திறங்கள்.